விண்வெளியில் யார் வழிவிட வேண்டும்?

கடந்த பருவ விடுமுறையில் கிள்ளானில் உள்ள எங்கள் வீட்டில் இருந்தேன். இறுதியாண்டுப் படைப்புக்காகக் கணினித் திரையில் ஒரு படத்தைத் திறந்து வைத்திருந்தேன். பூமிப் பந்தைச் சுற்றி ஆயிரக்கணக்கான புள்ளிகள் ஈ மொய்ப்பதுபோல நகர்ந்துகொண்டிருந்தன. ஒவ்வொரு புள்ளியும் ஒரு துணைக்கோளம், அல்லது செயலிழந்த ராக்கெட்டின் ஒரு துண்டு. வேலை முடிந்து வந்த அப்பா, தேநீர்க் குவளையோடு என் பின்னால் நின்று பார்த்தார்.

அப்பா கொள்கலன் லோரி ஓட்டுநர். கிள்ளான் துறைமுகத்திலிருந்து ஜொகூர் பாருவுக்கு இருபத்தைந்து ஆண்டுகளாக ஓட்டுகிறார்.

“ஏம்மா, இத்தனை வண்டி ஓடுதே, மேல போலீஸ் யாராச்சும் பாக்குறாங்களா?” என்று கேட்டார்.

“பாக்குறவங்க இருக்காங்கப்பா. சம்மன் கொடுக்கிறவங்கதான் இல்ல.”

“சரி, ரெண்டு வண்டி குறுக்க வந்தா யாரு வழி விடணும்?”

நான் பதில் சொல்வதற்குள் அடுத்த கேள்வியும் வந்தது. “பழுதாகி நிக்கிறத யாரு இழுத்துட்டுப் போவாங்க?”

நான்காண்டுகள் பொறியியல் படித்த எனக்கு முதல் கேள்விக்கு மட்டுமே ஓரளவு விடை தெரிந்திருந்தது. மற்ற இரண்டுக்கும் அன்று மழுப்பிவிட்டேன். பிறகு தேடிப் படித்தேன். படித்ததை என் கழக நண்பர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம். அப்பாவின் மூன்று கேள்விகளையே தலைப்புகளாக வைத்துக்கொள்கிறேன்.

மேலே உள்ள சாலை

முதலில் வேகத்தைப் புரிந்துகொள்வோம். பூமிக்குச் சில நூறு கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் துணைக்கோளம் வினாடிக்கு ஏறக்குறைய 7.5 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது. அப்பா நான்கைந்து மணி நேரம் ஓட்டிக் கடக்கும் தொலைவை அது ஒரு நிமிடத்திற்குள் கடந்துவிடும். இரண்டு துணைக்கோளங்களின் பாதைகள் குறுக்கிடும்போது, ஒன்றையொன்று நெருங்கும் வேகம் வினாடிக்கு 10 கிலோமீட்டரையும் தாண்டும்.

இந்த வேகத்தில் சிறிய பொருளும் பெரிய ஆயுதமாகிவிடுகிறது. 1 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள ஓர் அலுமினிய உருண்டையின் எடை ஒன்றரை கிராம்கூட இல்லை. வினாடிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் அது மோதினால் வெளிப்படும் ஆற்றலைக் கணக்கிட்டுப் பார்த்தேன். ஏறக்குறைய ஒரு டன் எடையுள்ள ஒரு மைவி கார், மணிக்கு 40 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் வந்து மோதுவதற்கு அது சமம். இத்தகைய 1 முதல் 10 சென்டிமீட்டர் வரையிலான துண்டுகள் பத்து இலட்சத்துக்கும் மேல் சுற்றுகின்றன என்பது ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தின் மதிப்பீடு. இயங்கும் துணைக்கோளங்களோ இன்று பத்தாயிரத்தைத் தாண்டிவிட்டன.

நெடுஞ்சாலைக்கும் விண்வெளிக்கும் இன்னொரு வேறுபாடும் உண்டு. சாலையில் பிரேக் போட்டால் வண்டி நிற்கும். துணைக்கோளம் வேகத்தைக் குறைத்தால் நிற்காது; அதன் சுற்றுப்பாதைதான் மாறும். ஆகவே கடைசி நொடியில் ஒடித்துத் திருப்புவது என்ற பேச்சுக்கே இடமில்லை. அதே வேளையில், முன்கூட்டியே தெரிந்துவிட்டால் விலகுவது மிக எளிது. ஒரு நாளைக்கு முன்பே, வினாடிக்கு வெறும் 1 சென்டிமீட்டர் அளவுக்கு வேகத்தை மாற்றினால் போதும். மறுநாள் அந்தத் துணைக்கோளம், இருந்திருக்க வேண்டிய இடத்திலிருந்து சுமார் 2.6 கிலோமீட்டர் விலகியிருக்கும். விண்வெளியில் பாதுகாப்பு என்பது பெரும்பாலும் முன்கூட்டியே அறிந்து, முன்கூட்டியே பேசிக்கொள்வதுதான்.

அப்படிப் பேசிக்கொள்ளாததால் நேர்ந்ததை 2009-ஆம் ஆண்டு உலகம் கண்டது.

ஒரு நள்ளிரவு மோதல்

2009 பிப்ரவரி 11. நம் நாட்டு நேரப்படி நள்ளிரவு தாண்டி மணி 12.56. சைபீரியாவின் வடகோடியில் உள்ள தைமிர் தீபகற்பத்திற்கு மேலே, ஏறத்தாழ 790 கிலோமீட்டர் உயரத்தில், இரண்டு துணைக்கோளங்கள் மோதிக்கொண்டன. ஒன்று இரிடியம் 33, அமெரிக்க நிறுவனம் ஒன்றின் தொலைபேசிச் சேவைக்காக இயங்கிக்கொண்டிருந்தது. மற்றொன்று காஸ்மோஸ் 2251, 1993-இல் ரஷ்யா ஏவியது, 1995-இலேயே செயலிழந்துவிட்டது. பதினான்கு ஆண்டுகளாக அது ஓட்டுநர் இல்லாத வண்டியாகச் சுற்றிக்கொண்டிருந்தது. முழுத் துணைக்கோளங்கள் இரண்டு தற்செயலாக மோதிக்கொண்ட முதல் நிகழ்ச்சி அதுவே.

இரண்டும் நொறுங்கி, கண்காணிக்கக்கூடிய அளவுள்ள துண்டுகள் மட்டும் 2,000-க்கும் மேல் சிதறின. அவற்றில் பல இன்றும் சுற்றிக்கொண்டிருக்கின்றன.

இதைப் படித்தபோது என்னை வியப்பில் ஆழ்த்திய செய்தி வேறொன்று. இவ்விரண்டும் நெருங்கப் போவது முன்பே கணிக்கப்பட்டிருந்தது. பொதுமக்களும் பார்க்கக்கூடிய ஒரு கணிப்புச் சேவை, இரண்டும் 584 மீட்டர் இடைவெளியில் கடக்கும் என்று கூறியிருந்தது. அன்றைய பட்டியலில் அதைவிட நெருக்கமான சந்திப்புகள் வேறு இருந்தன. கணிப்பின் பிழை வரம்போ கிலோமீட்டர் அளவில் இருந்தது. எனவே யாரும் பொருட்படுத்தவில்லை. இரிடியம் 33-ஆல் விலகியிருக்க முடியும். விலகும்படி அதனிடம் யாரும் சொல்லவில்லை.

முதல் கேள்வி: பார்ப்பது யார்?

இந்த மோதலுக்குப் பிறகு கண்காணிப்பு வெகுவாக முன்னேறியது. அமெரிக்க இராணுவம் தன் ராடார்களையும் தொலைநோக்கிகளையும் கொண்டு, ஏறக்குறைய 10 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட பொருள்களைப் பின்தொடர்கிறது. 2009-க்கு முன் வணிகத் துணைக்கோளங்கள் அனைத்தையும் அது அன்றாடம் சரிபார்க்கவில்லை. இன்று உலகெங்கும் உள்ள துணைக்கோள இயக்குநர்களுக்கு அது எச்சரிக்கை அனுப்புகிறது. ஐரோப்பிய நாடுகள் தங்களுக்கெனக் கூட்டுக் கண்காணிப்பு அமைப்பு ஒன்றை நடத்துகின்றன. இந்தியாவின் இஸ்ரோ 2022-இல் பெங்களூருவில் இதற்கென ஒரு மையத்தைத் திறந்தது. பொதுப் பயன்பாட்டுக்கான பணியை இராணுவத்திடமிருந்து தன் வணிகத் துறைக்கு மாற்றும் முயற்சியில், 2024 செப்டம்பரில் அமெரிக்கா புதிய போக்குவரத்து ஒருங்கிணைப்பு முறையைத் தொடக்கியது.

எச்சரிக்கை எப்படி வருகிறது? ‘நாளை மாலை மோதும்’ என்று திட்டவட்டமாக வருவதில்லை. ‘மோதுவதற்கான வாய்ப்பு இவ்வளவு’ என்று எண்ணாக வருகிறது. பொதுவாக, வாய்ப்பு பத்தாயிரத்தில் ஒன்றைத் தாண்டினால் விலக வேண்டும் என்று பல நிறுவனங்கள் முடிவெடுக்கின்றன. விலகினால் எரிபொருள் செலவாகும். துணைக்கோளத்தின் ஆயுள் குறையும். சில மணி நேரப் பணி தடைபடும். விலகாவிட்டால் எல்லாமே போகலாம்.

ஆக, அப்பாவின் முதல் கேள்விக்கு விடை: பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் எச்சரிப்பவர்களே அன்றி, கட்டளையிடும் அதிகாரம் பெற்றவர்கள் அல்லர். விமானங்களுக்கு இருப்பதுபோல ‘நீ இடப்பக்கம் திரும்பு’ என்று சொல்லும் கட்டுப்பாட்டுக் கோபுரம் விண்வெளியில் இல்லை.

இரண்டாம் கேள்வி: வழிவிடுவது யார்?

2019 செப்டம்பர் 2-ஆம் நாள், ஐரோப்பாவின் ஏயோலஸ் என்னும் காற்றாய்வுத் துணைக்கோளம் தன் உந்துபொறிகளை இயக்கிப் பாதையை உயர்த்தியது. ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் ஸ்டார்லிங்க் துணைக்கோளம் ஒன்றோடு மோதாமல் இருக்கவே அவ்வாறு செய்தது. சில நாள்களுக்கு முன் இரு தரப்பும் மின்னஞ்சலில் பேசிக்கொண்டன. அப்போது வாய்ப்பு ஐம்பதாயிரத்தில் ஒன்று என்பதால் விலகத் தேவையில்லை என்று கருதப்பட்டது. பிறகு அது ஆயிரத்தில் ஒன்றையும் தாண்டியது. ஆனால் ஸ்பேஸ்எக்ஸின் அழைப்பு முறையில் இருந்த மென்பொருள் கோளாற்றினால், புதிய தகவல் அவர்களுடைய பணியாளரின் கண்ணில் படவில்லை என்று அந்நிறுவனமே பின்னர் விளக்கியது. ஐரோப்பியர்கள் காத்திராமல் தாங்களே விலகினார்கள். இருபெரும் அமைப்புகளுக்கு இடையே இருந்த தொடர்பு மின்னஞ்சல் மட்டுமே!

2021-இல் இன்னொன்று நடந்தது. அவ்வாண்டு ஜூலையிலும் அக்டோபரிலும் ஸ்டார்லிங்க் துணைக்கோளங்கள் நெருங்கியதால் தன் விண்வெளி நிலையத்தை நகர்த்த நேர்ந்தது என்று சீனா ஐக்கிய நாட்டு நிறுவனத்திடம் முறையிட்டது. அந்த நிலையத்தில் மனிதர்கள் இருந்தார்கள். எச்சரிக்கை விடுக்கும் அளவுக்கு ஆபத்து இருக்கவில்லை என்று அமெரிக்கா பதிலளித்தது. எது ஆபத்து என்று அளக்க இருவருக்கும் பொதுவான அளவுகோல் இல்லை என்பதே இங்கு நாம் கவனிக்க வேண்டியது.

சட்டமே இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். இருக்கிறது. 1967-ஆம் ஆண்டின் விண்வெளி உடன்படிக்கை, ஒரு நாட்டின் தனியார் நிறுவனங்கள் விண்வெளியில் செய்யும் செயல்களுக்கும் அந்நாடே பொறுப்பு என்கிறது. 1972-ஆம் ஆண்டின் பொறுப்புடைமை உடன்படிக்கை இழப்பீட்டைப் பற்றிப் பேசுகிறது. அதில் ஒரு நுட்பம் உண்டு. விண்பொருள் தரையில் விழுந்து சேதம் விளைவித்தால், தவறு யாருடையது என்ற கேள்வியே இல்லை. ஏவிய நாடு ஈடு செய்தாக வேண்டும். 1978-இல் சோவியத் ஒன்றியத்தின் அணுசக்தித் துணைக்கோளமான காஸ்மோஸ் 954 கனடாவில் விழுந்தது. 1981-இல் சோவியத் ஒன்றியம் 30 இலட்சம் கனடிய வெள்ளி தர ஒப்புக்கொண்டது. ஆனால் விண்வெளியிலேயே இரண்டு பொருள்கள் மோதினால், தவறு எவருடையது என்று நிறுவினால்தான் இழப்பீடு.

இங்குதான் சிக்கல். யார் வழிவிட வேண்டும் என்ற விதி இருந்தால்தானே, விடாதவர் தவறு செய்தவராவார்? விதியே இல்லாத இடத்தில் தவறை எப்படி நிறுவுவது? 2009 மோதலில், செயலிழந்த துணைக்கோளத்தை அப்படியே விட்டது தவறா, இயங்கும் துணைக்கோளத்தை விலக்காதது தவறா? அந்த உடன்படிக்கையின்கீழ் எவர்மீதும் தவறு தீர்மானிக்கப்படவில்லை. இதுவே என் தேடலில் நான் கண்ட மையக் குறை. விண்வெளிப் போக்குவரத்துக்கு இன்று தொழில்நுட்பத்தைக் காட்டிலும் கட்டாயத் தேவை, எல்லோரும் ஏற்றுக்கொண்ட ஒரு முன்னுரிமை விதி.

விதி வகுப்பது இயலாத காரியமா? இல்லை என்பதற்கு நம் வீட்டு வாசலிலேயே சான்று இருக்கிறது. உலகின் நெரிசலான கடல்வழிகளுள் ஒன்றான மலாக்கா நீரிணையில், எதிரெதிர்த் திசைகளில் செல்லும் கப்பல்களுக்குத் தனித்தனித் தடங்கள் 1981 முதல் நடைமுறையில் உள்ளன. 1998 டிசம்பர் முதல் கப்பல்கள் தங்கள் வருகையைக் கட்டாயமாக அறிவிக்க வேண்டும். மலேசியா, சிங்கப்பூர், இந்தோனேசியா ஆகிய மூன்று நாடுகளும் அனைத்துலகக் கடல்சார் அமைப்பின் வழியாகச் சேர்ந்து செய்த ஏற்பாடு அது. குறுக்கே வரும் இரண்டு இயந்திரக் கப்பல்களில், மற்றதைத் தன் வலப்பக்கத்தில் காணும் கப்பலே விலக வேண்டும் என்பது உலகம் முழுவதற்குமான கடல் விதி. எந்தக் கொடி பறக்கிறது என்று பார்த்து விதி மாறுவதில்லை.

விண்வெளியிலும் ஒரு முன்மாதிரி உண்டு. நம் வீட்டுக் கூரையில் உள்ள ஆஸ்ட்ரோ தட்டு ஏன் எப்போதும் ஒரே திசையைப் பார்க்கிறது? அதற்கு ஒளிபரப்பும் மீசாட் துணைக்கோளங்கள் 35,786 கிலோமீட்டர் உயரத்தில், கிழக்குத் தீர்க்கரேகை 91.5 பாகையில் நிலையாக நிற்பதுபோல் சுற்றுகின்றன. அந்த உயரத்தில் இடமும் அலைவரிசையும் அனைத்துலகத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் வழியாகப் பதியப்பட்டு ஒருங்கிணைக்கப்படுகின்றன. ஆயுள் முடியும் துணைக்கோளத்தை முந்நூறு கிலோமீட்டர் அளவுக்கு மேலே தள்ளி ஒதுக்குவதும் அங்கே வழக்கமாகிவிட்டது. தாழ்ந்த சுற்றுப்பாதைகளில்தான் இத்தகைய ஒழுங்கு இல்லை. ஸ்டார்லிங்கும் நாசாவும் 2021 மார்ச் மாதத்தில் செய்துகொண்டதுபோல, ‘உங்களுடையது வந்தால் நாங்களே விலகுகிறோம்’ என்னும் இருதரப்பு ஒப்பந்தங்கள் உள்ளன. ஆனால் ஒவ்வொருவரும் ஒவ்வொருவரோடும் தனித்தனியே ஒப்பந்தம் செய்துகொண்டிருந்தால், சிறிய நாடுகளின் முறை எப்போது வரும்?

மூன்றாம் கேள்வி: இழுப்பது யார்?

400 கிலோமீட்டர் உயரத்தில் மெல்லிய காற்று இன்னும் இருக்கிறது. அங்கே கைவிடப்பட்ட பொருள் ஓரிரு ஆண்டுகளில் கீழிறங்கி எரிந்துவிடும். 800 கிலோமீட்டரில் அது நூறாண்டுக்கும் மேல் ஆகலாம். 1,000 கிலோமீட்டரைத் தாண்டினால் ஆயிரம் ஆண்டுக் கணக்கு. உயரே போகப் போக, நாம் விட்டுவைக்கும் குப்பையை நம் பேரப்பிள்ளைகளின் பேரப்பிள்ளைகளும் தூக்கிச் சுமக்க வேண்டும்.

நாசாவின் டொனால்ட் கெஸ்லரும் பர்ட்டன் கூர்-பலேயும் 1978-இலேயே ஓர் எச்சரிக்கை விடுத்தார்கள். பொருள்களின் நெருக்கம் ஓரளவைத் தாண்டினால், ஒரு மோதலின் துண்டுகளே அடுத்த மோதலை உண்டாக்கும். புதிதாக எதையும் ஏவாவிட்டாலும் குப்பை பெருகிக்கொண்டே போகும் என்றார்கள். 2007 ஜனவரியில் சீனா தன் பழைய துணைக்கோளத்தை ஏவுகணையால் தகர்த்தபோது 3,000-க்கும் மேற்பட்ட துண்டுகளும், 2021 நவம்பரில் ரஷ்யா அவ்வாறே செய்தபோது 1,500-க்கும் மேற்பட்ட துண்டுகளும் சேர்ந்தன. இந்தியாவும் 2019 மார்ச்சில் இத்தகைய சோதனையைச் செய்தது. 300 கிலோமீட்டருக்கும் கீழே நடத்தியதால் பெரும்பாலான துண்டுகள் விரைவில் விழுந்துவிட்டன.

பழுதான லோரியை இழுவை வண்டி வந்து இழுத்துச் செல்லும். விண்வெளியில் அதற்கு இரண்டு தடைகள். முதலாவது செலவும் தொழில்நுட்பமும். 2024-இல் ஜப்பானிய நிறுவனம் ஒன்றின் ஆய்வுக்கலம், கைவிடப்பட்ட ராக்கெட் பகுதி ஒன்றை ஏறக்குறைய 15 மீட்டர் தொலைவு வரை நெருங்கிப் பார்த்தது. நெருங்குவதே பெரிய சாதனையாகக் கருதப்படும் நிலையில்தான் இருக்கிறோம். இரண்டாவது தடை சட்டம். செயலிழந்தாலும் துணைக்கோளம் ஏவிய நாட்டின் உடைமையே. அதன் இசைவின்றி வேறெவரும் தொட முடியாது.

ஆகவே, சாலையை அடைக்காமல் தானே ஒதுங்கிப் போவதே இன்றைக்குச் சிறந்த வழி. 2007-இல் ஐக்கிய நாட்டு நிறுவனம் குப்பைத் தணிப்பு வழிகாட்டிகளை ஏற்றது. 2019-இல் அதன் விண்வெளிக் குழு, நீடித்த பயன்பாட்டுக்கான 21 வழிகாட்டிகளை ஏற்றது. பணி முடிந்த 25 ஆண்டுகளுக்குள் தாழ்ந்த பாதையிலிருந்து அகல வேண்டும் என்பது நீண்டகால வழக்கம். அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையம் 2022-இல் அதை 5 ஆண்டுகளாகக் குறைத்தது. 2030-க்குள் குப்பை விடாத விண்வெளிப் பயணங்கள் என்பது இந்தியா அறிவித்துள்ள இலக்கு. எனினும் ஐக்கிய நாட்டு நிறுவனத்தின் வழிகாட்டிகள் தன்விருப்பத்தைச் சார்ந்தவை. மீறினால் சம்மன் இல்லை.

நமக்கும் இதில் பங்குண்டு

‘இதெல்லாம் வல்லரசுகளின் விவகாரம், நமக்கென்ன?’ என்று எண்ண வேண்டாம். 2023-இல் சிங்கப்பூரின் டெலியோஸ்-2, டிஎஸ்-சார் ஆகிய இரண்டு துணைக்கோளங்களும் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டன. இரண்டு முறையும், விண்பொருள்களோடு மோதும் ஆபத்தைத் தவிர்க்க, ஏவும் நேரம் ஒரு நிமிடம் தள்ளிவைக்கப்பட்டது. அதே ஆண்டு சந்திரயான்-3 நான்கு வினாடி தாமதித்துப் புறப்பட்டதும் இதே காரணத்தால்தான்.

2022 ஜூலை 31, நள்ளிரவு தாண்டிய நேரத்தில், கூச்சிங் வானில் ஒளிக்கீற்றுகள் வரிசையாக ஊர்ந்து சென்றதைச் சரவாக் மக்கள் கைப்பேசியில் படம் பிடித்தார்கள். அது எரிகல் மழையன்று. கட்டுப்பாடின்றி விழுந்துகொண்டிருந்த சீன ராக்கெட்டின் மையப் பகுதி.

நாமும் பிறரை மட்டும் குறை கூறிவிட முடியாது. 2009 ஜூலை 14-இல் ஏவப்பட்ட நம் ரசாக்சாட், 685 கிலோமீட்டர் உயரத்தில் நிலநடுக்கோட்டை ஒட்டிச் சுற்ற அனுப்பப்பட்டது. ஓராண்டு அளவிலேயே அது செயலிழந்துவிட்டது. அந்த உயரத்திலிருந்து ஒரு பொருள் தானாக விழப் பல பத்தாண்டுகள் ஆகும். பழுதாகி நிற்கும் வண்டிகளின் வரிசையில் நம் நாட்டு எண் பலகையும் உண்டு என்பதை மறக்கலாகாது.

அதே வேளையில், விதி வகுக்கும் மேசையில் நமக்கு இடமும் உண்டு. ஐக்கிய நாட்டு விண்வெளிக் குழுவில் மலேசியாவும் சிங்கப்பூரும் உறுப்பு நாடுகள். 2009 மோதல் நடந்தபோது ஐக்கிய நாட்டு விண்வெளி விவகார அலுவலகத்துக்குத் தலைமை தாங்கியவரே ஒரு மலேசியர், வானியற்பியலாளர் மஸ்லான் ஒத்மான். 2022-இல் மலேசியா தனக்கென விண்வெளி வாரியச் சட்டத்தையும் இயற்றியது. இனி அதை நடைமுறைப்படுத்தவும், அனைத்துலகப் பேச்சுகளில் நம் பக்கத்தை எடுத்துரைக்கவும் பொறியியலாளர் மட்டும் போதாது. சட்டம் படித்தவர், பொருளியல் படித்தவர், கணினி படித்தவர் அனைவரும் வேண்டும். அவர்களுள் சிலர் இந்த ஆண்டிதழின் வாசகர்களாக ஏன் இருக்கக்கூடாது?

நிறைவாக

விடுமுறை முடிந்து புறப்படும் நாளில், அப்பாவிடம் விடைகளைச் சொன்னேன். பார்ப்பவர்கள் உண்டு, வழிவிடும் விதி இல்லை, இழுவை வண்டி இன்னும் வரவில்லை. அவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார்.

“நம்ம தாமான் சிம்பாங்குல சிக்னல் இருக்கே, அது எப்ப போட்டாங்க தெரியுமா?” என்றார். “ரெண்டு பேரு செத்த பிறகு. அதுக்கு முன்னாடி எத்தனையோ வாட்டி மனு கொடுத்தோம்.”

விண்வெளியில் 2009-இல் நடந்த மோதலில் மனித உயிர் எதுவும் போகவில்லை. ஆனால் இன்று இரண்டு விண்வெளி நிலையங்களில் மனிதர்கள் வாழ்கிறார்கள். வானிலை அறிக்கையும், கப்பலின் வழிகாட்டியும், உட்புற கிராமங்களின் இணையமும் அந்தச் சாலையை நம்பியிருக்கின்றன. சிக்னல் விளக்குக்கான மனு இன்னும் மேசையில்தான் இருக்கிறது. அதில் கையெழுத்திடுவோரின் எண்ணிக்கையைக் கூட்டுவதும், விபத்துக்கு முன்பே விளக்கு எரிய வேண்டும் என்று கேட்பதும், படித்த நம் தலைமுறையின் கடமை. சிந்திப்போம், நண்பர்களே.